பள்ளியில் சளிக்காய்ச்சல் பரவாமல் காப்போம்

சளியும் தும்மலும் பிள்ளைகளுக்கு இயல்புதானே என்று நம்மிற் பலர் எண்ணுகிறோம். சாதாரணச் சளி வேறு. இன்ஃபுளுவென்சா எனப்படும் சளிக்காய்ச்சல் வேறு. முன்னது மெல்ல வந்து மெல்லப் போகும். பின்னதோ காலையில் திடலில் ஓடியாடிய பிள்ளையை மாலையில் பாயில் கிடத்திவிடும். கடுங்காய்ச்சல், தலைவலி, உடல்வலி, வறட்டு இருமல், சோர்வு ஆகியவை ஒருங்கே தாக்கும். பெரும்பாலோர் ஒரு வாரத்தில் தேறிவிடுவர். எனினும் சிறு குழந்தைகளுக்கும், முதியோருக்கும், கருவுற்ற தாய்மாருக்கும், ஆஸ்துமா, நீரிழிவு உடையோருக்கும் அது நுரையீரல் அழற்சியாக முற்றுதலும் உண்டு. பள்ளிப் பிள்ளை வீட்டிற்குக் கொண்டு செல்லும் கிருமி பாட்டியின் உயிருக்கே உலை வைக்கக்கூடும்.

1918ஆம் ஆண்டில் உலகெங்கும் பரவிய காய்ச்சல் மலாயாத் தோட்டங்களையும் விட்டுவைக்கவில்லை. லயங்களில் நெருங்கி வாழ்ந்த நம் முன்னோர் பலர் அதற்கு இரையாயினர். நோய்க்குக் காரணம் ஒரு வைரஸ் கிருமி என்பதை அன்று எவரும் அறிந்திலர். 1933இல்தான் இங்கிலாந்து நாட்டு அறிஞர்கள் அதனை மனிதரிடமிருந்து பிரித்தெடுத்தனர். அதன்பின் 1957இலும் 2009இலும் புதுவகைக் கிருமிகள் உலகை வலம் வந்தன. 2025 அக்டோபரில் நம் நாட்டில் ஏறத்தாழ 6,000 மாணவர்கள் சளிக்காய்ச்சலுக்கு ஆளாயினர். சில பள்ளிகளைத் தற்காலிகமாக மூடவும் நேர்ந்தது.

அன்றைய லயங்களைப் போலவே வகுப்பறையும் நெருக்கமான இடம். நோயாளி இருமும்போதும் தும்மும்போதும், பேசும்போதுங்கூட, நுண்ணிய நீர்த்துளிகள் வெளிப்படுகின்றன. அவற்றை அருகிலிருப்போர் மூச்சோடு உள்ளிழுக்கின்றனர். மேசை, கதவுப்பிடி போன்ற வழவழப்பான பொருள்களின் மீது அக்கிருமி ஒரு நாள், இரண்டு நாள் வரை உயிர்த்திருக்கவல்லது. அங்கே தொட்ட கை கண்ணையோ மூக்கையோ தொடுமானால் அதுவே வழியாகிறது. இதனினும் வியப்பு ஒன்றுண்டு. காய்ச்சல் தோன்றுவதற்கு ஒரு நாள் முன்னரே பிள்ளை நோயைப் பரப்பத் தொடங்கிவிடுகிறது. ஏறக்குறைய ஒரு வாரம் வரை, சிறுவர்களிடத்தில் அதற்கு மேலும், பரப்புகிறது. ஆகவே, நோயுற்ற பிள்ளையைக் கண்டபின் ஒதுக்கினால் போதும் என்று நாம் இருத்தலாகாது. எல்லாரும் எந்நாளும் தூய்மை பேணுதல் வேண்டும்.

இங்கு நம் குறையொன்றையும் சொல்லியாக வேண்டும். நம் பள்ளியில் ஆண்டுதோறும் முழு வருகைக்குப் பரிசு வழங்கி வந்தோம். நன்னோக்கத்தோடு தொடங்கிய வழக்கம்தான். ஓராண்டு, மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி அப்பரிசை இழக்க மனமின்றிக் காய்ச்சலோடு வந்து அமர்ந்திருந்தாள். மருந்து கொடுத்துத்தான் அனுப்பினேன் என்றார் தாயார். அவ்வாரம் முடிவதற்குள் வகுப்பில் பாதி நாற்காலிகள் வெறுமையாயின. ஆசிரியை ஒருவரும் படுத்துவிட்டார். அச்சிறுமியை நாம் நொந்துகொள்ளவில்லை. அவளுக்கு அப்பாடத்தைக் கற்பித்தவர்கள் நாமே.

கைகழுவுதலைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூறுவோம். பிள்ளைகள் குழாயடியில் விரல்நுனியை நனைத்துவிட்டு ஓடுவதை நாள்தோறும் காண்கிறோம். அக்கிருமியைச் சுற்றிக் கொழுப்பாலான மெல்லிய உறையொன்று உளது. எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும் சவர்க்காரம் அவ்வுறையையும் சிதைத்துவிடும். உறை சிதைந்தால் கிருமி செயலற்றுப்போகும். வெறுந்தண்ணீருக்கு அவ்வாற்றல் இல்லை. விரலிடுக்கு, நகக்கண், புறங்கை எல்லாம் நுரைபட இருபது விநாடி தேய்த்தல் வேண்டும். ஒன்று முதல் இருபது வரை நிதானமாக எண்ணச் சொல்லுங்கள், எண்ணும் பழகிவிடும்! குழாயடியில் சவர்க்காரம் தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்வது பள்ளியின் கடமை.

இருமலும் தும்மலும் வந்தால் கையால் பொத்தாமல் முழங்கையை மடித்து மறைத்துக்கொள்க. நீர்ப்புட்டியையும் கரண்டியையும் நண்பனோடு பகிர வேண்டா. இருமல் உள்ளோர் முகக்கவரி அணிக. அன்பர்கள் கொடையால் இன்று சில வகுப்பறைகளில் குளிரூட்டி ஓடுகிறது. சன்னலும் கதவும் இறுக மூடப்படுகின்றன. வெயிலைத் தாங்கலாம், அடைபட்ட காற்றுத்தான் தீது என்பது நம் கருத்து. ஓய்வு நேரத்திலேனும் சன்னல்களைத் திறந்துவிடுமாறு ஆசிரியர்களைக் கேட்டுக்கொண்டுள்ளோம்.

காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு ஓய்வும் நீராகாரமும் தேவை. முன்பு வாங்கி மீந்த நோய்க்கொல்லி மாத்திரைகள் வைரசை ஒன்றும் செய்யா. ஆஸ்பிரினைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தலே கூடாது. அது மூளையையும் கல்லீரலையும் தாக்கும் அரிய கொடுநோய்க்கு இடந்தரும். மூச்சு வாங்கினாலும், நீர் பருக மறுத்தாலும், மயங்கிக் கிடந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. தடுப்பூசியும் உண்டு. கிருமி உருமாறிக்கொண்டே இருப்பதால் அதனை ஆண்டுதோறும் போட்டுக்கொள்ள வேண்டியுள்ளது. வீட்டில் முதியோர் இருப்பின் மருத்துவரைக் கலந்துகொள்க.

ஒரு நாள் வேலைக்குப் போகாவிடில் அந்நாளின் கூலி இல்லை என்னும் நிலை நம் தோட்டத்தில் பல குடும்பங்களுக்கு இன்றும் உண்டு. அதனை அறியாமல் எழுதவில்லை. எனினும், மருந்தின் துணையின்றி ஒரு முழு நாள் காய்ச்சல் இல்லாதிருந்த பின்னரே பிள்ளையை அனுப்புங்கள். மருத்துவச் சீட்டோடு கூடிய விடுப்பு இனி முழு வருகைப் பரிசைப் பாதிக்காது. விடுபட்ட பாடங்களை வகுப்பாசிரியர் எழுதி அனுப்புவார். பெற்றோர் இருவரும் வேலையில் இருப்பின், பிள்ளையை வந்து அழைத்துச் செல்லக்கூடிய உறவினர் அல்லது அண்டை வீட்டார் ஒருவரின் தொலைபேசி எண்ணை அலுவலகத்தில் இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.