இன்புளூயன்சா: நோயும் மருந்தும் காலமும்

பட்டுக்கும் கோயில்களுக்கும் பெயர்பெற்ற காஞ்சி மாநகரில் தறியின் ஓசையே வாழ்வின் ஓசையாகும். உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் அமையும் கோர்வைச் சேலையை நெய்ய ஒரே தறியில் இருவர் அருகருகே அமர்தல் வேண்டும். ஒருவர் காய்ச்சலில் படுத்தால் மற்றவர் கையும் ஓய்ந்துவிடும். தறியும் அடுப்பும் தொட்டிலும் ஒரே கூரையின்கீழ் இருக்கும் வீடுகளில், ஒருவருக்கு வந்த நோய் அனைவரையும் எளிதில் பற்றும். தெருவில் பாவு விரிக்க இயலாத ஐப்பசி, கார்த்திகை மழைநாள்களில் தமிழகத்தில் இன்புளூயன்சா மிகுதியாகப் பரவுகிறது. ஆதலின் இந்நோய்க்குரிய மருந்துகளைப் பற்றிய அறிவு நமக்கு வெறும் ஏட்டுக் கல்வியன்று, வாழ்க்கைத் தேவையாகும்.

நோயாளியின் நிலை, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்றையும் எண்ணிப் பார்த்தே மருத்துவன் செயற்பட வேண்டும் என்பது 'மருந்து' அதிகாரத்தில் திருவள்ளுவர் காட்டும் நெறி. அந்நெறியையே நாம் இங்கு அளவுகோலாகக் கொள்வோம்.

நோயின் அளவு

1918ஆம் ஆண்டு பரவிய இன்புளூயன்சா இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அந்நாளில் நோய்க்குக் காரணம் எதுவென்றே மருத்துவ உலகம் அறியவில்லை. 1933இல்தான் இலண்டன் ஆய்வாளர்கள் மனிதரிடமிருந்து இதன் வைரசைப் பிரித்தறிந்தனர். 1957இல் ஆசியக் காய்ச்சல், சிங்கப்பூரிலிருந்து வந்த கப்பல் வழியாகச் சென்னைத் துறைமுகத்தில் புகுந்தது. அப்போதும் வைரசை எதிர்க்கும் மருந்து நம் கையில் இல்லை. 2009இல் 'பன்றிக்காய்ச்சல்' என்ற பெயரில் புதிய இன்புளூயன்சா உலகைச் சூழ்ந்தபோது நிலை மாறியிருந்தது. கிண்டி கிங் நிலையம் நோயைச் சோதித்துக் கூறியது. அரசு மருத்துவமனைகளில் ஒசெல்டாமிவிர் என்னும் மாத்திரை வழங்கப்பட்டது.

மருந்து செயற்படும் முறை

வைரசு நம் உயிரணுவினுள் புகுந்து, அதனையே தறியாக்கித் தன் படிகளை நெய்துகொள்கிறது. நெய்து முடித்த சேலையைத் தறியிலிருந்து அறுத்தெடுத்தால்தானே அது கடைக்குச் செல்லும்? அதுபோல் புதிய வைரசுகள் உயிரணுவின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும். நியூரமினிடேசு என்னும் நொதியே அந்த ஒட்டை அறுத்து அவற்றை வெளியேற்றும் கத்தி. ஒசெல்டாமிவிரும், மூச்சுவழி உறிஞ்சப்படும் சனாமிவிரும் அக்கத்தியை மழுங்கச் செய்கின்றன. இவ்விரண்டும் 1999இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றவை. 2018இல் ஒப்புதல் பெற்ற பலாக்சாவிரோ, வைரசு தன் படிகளை நெய்யும் வேலையையே தடுக்கிறது. இவற்றுக்கெல்லாம் முன்னதாக 1966இல் வந்த அமான்டடினை வைரசு வென்றுவிட்டது. இன்று அது இந்நோய்க்குப் பரிந்துரைக்கப்படுவதில்லை.

நம் பிரியாணியில் மணக்கும் அன்னாசிப்பூவிலிருந்து எடுக்கப்படும் சிகிமிக் அமிலமே ஒசெல்டாமிவிர் தயாரிப்பின் மூலப்பொருள் என்பது சுவையான செய்தி. எனினும் அவ்வமிலம் பல வேதிமாற்றங்களைக் கடந்த பின்னரே மருந்தாகிறது. ஆகவே அன்னாசிப்பூவைக் கொதிக்கவைத்துக் குடித்தால் காய்ச்சல் நீங்கும் எனக் கொள்ளல் ஆகாது.

காலம்

கத்தியை மழுங்கச் செய்யும் மருந்து, முன்னரே வெளியேறிவிட்ட வைரசுகளைத் திரும்ப அழைக்க வல்லதன்று. எனவேதான் காய்ச்சல் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் உட்கொண்டால் பெரும்பயன் என்கின்றனர் மருத்துவர். ஒரு நாள் கூலியை இழக்க அஞ்சி, "நாளை பார்க்கலாம்" என மூன்று நாள் கடத்தும் நம் உழைப்பாளர் இதனை மனத்தில் இருத்த வேண்டும். கடுமையாக நோயுற்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்க்கோ, காலம் கடந்தாலும் மருந்து கொடுப்பதுண்டு.

நோயாளியின் நிலை

அப்படியாயின் தும்மிய அனைவரும் இம்மருந்தை விழுங்க வேண்டுமா? வேண்டியதில்லை. நல்ல உடல்நலம் உள்ளவர்க்கு இது நோய்க்காலத்தைச் சுமார் ஒரு நாள் அளவுக்கே குறைக்கிறது. குமட்டலும் வாந்தியும் தருவதுண்டு. ஓய்வும் நீராகாரமும் காய்ச்சல் தணிக்கும் மாத்திரையுமே பெரும்பாலோர்க்குப் போதுமானவை. ஆனால் கருவுற்ற பெண்கள், 65 வயதைக் கடந்தோர், 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள், நீரிழிவு, ஆஸ்துமா, இதயநோய் உடையோர் ஆகியோர் தாமதமின்றி மருத்துவரை நாட வேண்டும். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம் தோன்றினால் எவராயினும் உடனே மருத்துவமனை செல்ல வேண்டும்.

பெரியோர்க்கு 75 மில்லிகிராம் மாத்திரை நாளொன்றுக்கு இருமுறை, ஐந்து நாள் என்பது பொதுவான அளவு. குழந்தைகளுக்கு எடைக்கேற்ப மாறும். நோயாளியுடன் நெருங்கியிருந்த, எளிதில் பாதிப்புறும் நிலையிலுள்ளவர்க்குத் தடுப்பாக நாளொன்றுக்கு ஒருமுறை மருத்துவர் தருவதுமுண்டு. அத்தடுப்பு மருந்தை உண்ணும் நாள்வரையில்தான் நிற்கும். ஆண்டுதோறும் இடப்படும் தடுப்பூசிக்கு அது ஈடாகாது.

மருந்துக்கடையில் தாமாகவே ஆன்டிபயாடிக் கேட்டு வாங்கும் வழக்கத்தையும் இங்குக் கண்டிக்க வேண்டியுள்ளது. அவை பாக்டீரியாவை எதிர்ப்பவை, வைரசின்மீது செல்லா. வீண் செலவுடன், பின்னாளில் உண்மையான தேவை வரும்போது அம்மருந்துகள் பயனற்றுப்போகும் கேடும் சேர்கிறது.

மாணவச் செல்வங்களே! நம் வீட்டில் தாத்தாவோ, கருவுற்ற தமக்கையோ காய்ச்சலில் படுக்கும்போது, முதல் நாளிலேயே கைப்பிடித்து மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் பொறுப்பு படித்த நம்முடையது. மருந்து உண்டு, காலத்தோடு சேர்ந்தால்தான் அது மருந்து. இதனை உணர்ந்து நடப்போம். உணராதார்க்கு அன்போடு எடுத்துரைப்போம்.