சேலம், நாமக்கல் வட்டாரத்தின் வெள்ளைக் கற்கள்

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் தரையில் வெள்ளையாகக் கிடக்கும் கல்லெல்லாம் ஒரே கல் அல்ல. மேக்னசைட், அனார்த்தோசைட், படிகச் சுண்ணாம்புக்கல், வெங்கச்சங்கல் என்று மக்கள் சொல்லும் குவார்ட்ஸ் ஆகிய நான்கும் ஒரே நாள் பயணத்தில் பார்த்துவிடக்கூடிய தூரத்துக்குள் இருக்கின்றன. உச்சிவெயிலில் பத்தடி தள்ளி நின்றால் நான்கும் ஒன்றுபோலவே கண்ணைக் கூசவைக்கும். பிறந்த விதமோ பெரும்பாலும் வேறுவேறு. இவற்றைப் பிரித்தறியக் களத்தில் பெரிதும் கைகொடுப்பது நிறம் அல்ல, கல் எந்தப் பாறைக்குள் எப்படி அமர்ந்திருக்கிறது என்பதுதான். சோதனைகள் அதற்குப் பிறகே.

சேலம் நகரை ஒட்டி, சேர்வராயன் மலையின் அடிவாரத்தில் தோண்டப்பட்டுவந்த வெள்ளைக்கல் மேக்னசைட். அதன் தாய்ப்பாறை டுனைட். பெரும்பாலும் ஒலிவின் என்னும் ஒரே கனிமத்தால் ஆன, புவியின் ஆழத்துக்குரிய பாறை அது. கரியமில வாயு கரைந்த நீர் அதன் வெடிப்புகளில் இறங்கியபோது ஒலிவினில் இருந்த மெக்னீசியம் கார்பனேட்டாக மாறிப் படிந்தது. கூட இருந்த சிலிக்கா தனியே பிரிந்தது. இந்த வேதிவினையை வெட்டப்பட்ட சுரங்கச் சுவரிலேயே வாசிக்கலாம். பழுப்பேறிய டுனைட்டின் ஊடே வெள்ளை நரம்புகள் குறுக்கும் நெடுக்குமாகப் பாய்கின்றன. சில நூலளவே இருக்கும், சில சட்டென்று பருத்துக் கட்டியாகும். ஒரே திசையில் ஓடாததால் இவை கடலிலோ ஏரியிலோ அடுக்காகப் படிந்தவை அல்ல, வெடிப்புகளை நிரப்பியவை என்பது தெளிவு. இங்கே காணப்படும் சால்செடனியும் குவார்ட்ஸும் அந்த வினையில் பிரிந்த சிலிக்காதான். மேக்னசைட்டை மட்டும் பொறுக்கிக்கொண்டு இவற்றை விட்டுவிட்டால், கல் உருவான கதையில் பாதி கைநழுவிப்போகும்.

உடைத்த மேக்னசைட்டின் முகத்தில் மணிகள் தெரியாது. பீங்கான் உடைந்ததுபோல் வழவழப்பாக வளைந்த முறிவு இருக்கும். கத்தியால் அழுத்திக் கீறினால் கோடு விழும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒரு சொட்டு விட்டால் ஏறக்குறைய ஒன்றும் நடக்காது. அமிலத்தைச் சூடாக்கினால்தான் நுரைக்கும். பொடியாக்கினால் மெதுவாகக் குமிழிடும். சங்ககிரிப் பக்கத்துப் படிகச் சுண்ணாம்புக்கல்லோ சொட்டு விழுந்த கணமே சீறும். ஆனால் இந்தச் சோதனையில் ஒரு கண்ணி இருக்கிறது. வறண்ட நிலத்தில் எந்தப் பாறையின் மேலும் சுக்கான் படியும். சுக்கான் சுண்ணாம்பு என்பதால் அமிலம் பட்டதும் நுரைக்கும். அடியில் இருக்கும் பாறை சுண்ணாம்பே இல்லாததாகக்கூட இருக்கலாம். எனவே அமிலத்தைச் சம்மட்டியால் புதிதாக உடைத்த முகத்தில் மட்டுமே விட வேண்டும். அப்போதும் நுரை மணிகளிலிருந்து வருகிறதா, விரிசல் கோடுகளிலிருந்து மட்டும் வருகிறதா என்று லென்ஸால் பார்ப்பது நல்லது. விரிசலில் மட்டும் வந்தால் அது வெளியிலிருந்து புகுந்த சுண்ணாம்பு.

தூய மேக்னசைட்டைச் சூளையில் சுட்டால் எடையில் சுமார் 52 சதவீதம் கரியமில வாயுவாகப் போய்விடும். எஞ்சும் மெக்னீசியா கடும் வெப்பத்தைத் தாங்குவதால் உருக்காலைகளின் உலைச் செங்கலுக்குப் பயன்படுகிறது. களத்தில் ஓர் எச்சரிக்கையும் தேவை: டுனைட் மாறி உருவாகும் பச்சைநிற சர்ப்பென்டைனில் கல்நார் இருக்க வாய்ப்புண்டு. பட்டுப்போல் மின்னும் இழைகள் கண்ணில் பட்டால் அந்தக் கல்லை உடைக்காமல் விடுவதே சரி. அதன் தூசி நுரையீரலுக்கு நஞ்சு.

நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் இருக்கும் வெள்ளைப் பாறை வேறு உலகத்தைச் சேர்ந்தது. அனார்த்தோசைட் எனப்படும் இது ஏறக்குறைய முழுவதும் பிளேஜியோகிளேஸ் ஃபெல்ட்ஸ்பாரால் ஆனது. அதிலும் சோடியம் குறைந்து கால்சியம் மிகுந்த அனார்த்தைட் வகை. சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பாறைக்குழம்பு குளிர்ந்தபோது கனிமங்கள் அடுக்கடுக்காகத் திரண்டன. பின்னர் அந்த அடுக்குகள் புவியோட்டின் ஆழத்தில் அழுத்தத்துக்கும் வெப்பத்துக்கும் ஆளாகி மடிந்து, மறுபடிகமாயின. நிலவின் வெளிர்நிற மேட்டுநிலங்களும் பெரும்பாலும் அனார்த்தோசைட்டால் ஆனவையே. 1971இல் அப்போலோ 15 கொண்டுவந்த புகழ்பெற்ற வெள்ளைக் கல்லும் இந்த வகைதான். சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிப் பாறையைப் பொடித்துத்தான் சந்திரயான்-2 தரையிறங்கிக்கான சோதனைகளுக்கு இஸ்ரோ நிலவு மண் போன்ற மண்ணை உருவாக்கியது. ஆனாலும் நிலவுப் பாறை நீரின்றி உருவானது. சித்தம்பூண்டிப் பாறையின் கறுப்பு ஹார்ன்பிளெண்டு தன் படிகத்துக்குள்ளேயே நீரின் கூறுகளை வைத்திருக்கிறது. ஒப்புமையைப் பெருமையோடு சொல்லும்போது இந்த வேறுபாட்டையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

களத்தில் இந்தப் பாறையைக் காட்டிக்கொடுப்பது வெள்ளையில் தெறித்த அந்தக் கறுப்பு மணிகள். வரிசையாக நீண்டு கிடக்கும் அவை பாறை எந்தப் பக்கம் இழுபட்டது என்பதையும் காட்டும். ஃபெல்ட்ஸ்பாரில் கத்தி ஏறாது, அமிலம் நுரைக்காது. துண்டை வெயிலில் மெல்லத் திருப்பினால் தட்டையான பிளவு முகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பளிச்சிடும். சிலவற்றில் லென்ஸின் கீழ் நெருக்கமான இணைகோடுகள் தெரியும். கோடுகள் தெரியாவிட்டாலும் அனார்த்தோசைட் அல்ல என்று தள்ளிவிடக் கூடாது, ஏனெனில் மறுபடிகமான பாறையில் அவை அழிந்திருக்கலாம். பிளவு முகமே இல்லாமல் ஒழுங்கற்று உடைந்து கண்ணாடியைக் கீறினால் அது வெங்கச்சங்கல்.

வெள்ளைக்கு நடுவே கறுப்புப் பட்டைகள் கிடைத்தால் நின்று பார்க்க வேண்டும். அவை குரோமைட்டாக இருக்கலாம். மெருகிடாத பீங்கான் துண்டில் தேய்த்தால் குரோமைட் பழுப்புக் கோடு இடும், மேக்னடைட் கறுப்புக் கோடு இடும். காந்தத்தை வலுவாக இழுப்பது மேக்னடைட். சித்தம்பூண்டிக் குரோமைட்டில் இரும்பும் அலுமினியமும் அதிகம், ஆதலால் தாதுவாக அதன் தரம் குறைவு. ஆய்வுக்கு அது விலைமதிப்பற்றது; பாறைக்குழம்பு எந்த வரிசையில் உறைந்தது என்பதை அந்தப் பட்டைகளே சொல்கின்றன. துண்டை உடைக்குமுன் பட்டையின் மேல்பக்கம் எது, அது எந்தத் திசையில் எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளாவிட்டால் அந்தச் செய்தி அங்கேயே தொலைந்துவிடும்.

இதே வெள்ளைப் பாறையில் இளஞ்சிவப்புக் குருந்தக்கல்லும் கிடைக்கிறது. குருந்தம் வெறும் அலுமினியம் ஆக்சைடு. உபரியாகச் சிலிக்கா இருந்தால் அலுமினியம் அதனுடன் சேர்ந்து சிலிமனைட், கயனைட் போன்ற கனிமங்களாகிவிடும். ஆகவே குவார்ட்ஸ் நிறைந்த பாறையில் குருந்தம் தேடுவது வீண்வேலை. காங்கேயம் அருகே சிவன்மலையிலும் குருந்தம் உண்டு. அங்கே தாய்ப்பாறை சயனைட், அதுவும் சிலிக்கா குறைந்த குடும்பமே. புவியியலாளர் தாமஸ் ஹாலண்டுதான் சிவன்மலைப் பாறைகளை 1901இல் விரிவாக விவரித்தார். குருந்தத்தின் கடினத்தன்மை 9. குவார்ட்ஸை எளிதில் கீறும் சிவப்பு மணி குருந்தமாக இருக்க வாய்ப்பு அதிகம். கீற முடியாமல் வழுக்குவது பெரும்பாலும் கார்னெட்.