ஆளைக் கூப்பிடும் முன்... விம்கோ நகர் வீடுகளுக்குச் சில குறிப்புகள்

ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் மணலி கம்பெனிகள், வடக்கே அனல் மின் நிலையம். நம் ஏரியாவில் உப்புக் காற்றும் தூசியும் வாடகை தராத குடித்தனக்காரர்கள் மாதிரி, காலி செய்யவே மாட்டார்கள். எது மக்கர் பண்ணினாலும் ஆளைக் கூப்பிட்டால், வந்து எட்டிப் பார்ப்பதற்கே ஒரு தொகை! அதற்கு முன்னால் நாமே பார்த்துக்கொள்ளக் கூடியவை இவை. கரண்ட் சம்பந்தப்பட்டது எதுவானாலும் மெயினை ஆஃப் பண்ணிவிட்டுத் தொடுங்கள். ஒவ்வொரு குறிப்பிலும் இதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை.

1. ஏசி ஓடுகிறது, குளிரவில்லை என்றால் உடனே 'கேஸ் போச்சு' என்று முடிவு கட்டாதீர்கள். ஃபில்டரைக் கழற்றி அலசுங்கள். வெளி யூனிட்டின் தகடுகள்மேல் மாதம் ஒரு தரம் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். உப்பும் கரித்தூளும் போனாலே பாதி குளிர்ச்சி திரும்பிவிடும், காயிலும் சீக்கிரம் ஓட்டை விழாது.

2. ஏசியிலிருந்து அறைக்குள் தண்ணீர் சொட்டினால், பெரும்பாலும் வடிகால் ட்யூபில் பாசியும் தூசியும் அடைத்திருக்கும். வெளியே தொங்கும் நுனியை நன்றாக ஊதிவிட்டால் தீர்ந்தது. அந்தத் தண்ணீரைப் பிடித்து வீடு துடைக்கலாம். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுவதாக யாராவது சொன்னால் கேட்காதீர்கள், நம் ஊர்க் காற்றைக் கழுவி வந்த தண்ணீர் அது.

3. ஃபேன் ஐந்தில் வைத்தும் சோம்பேறியாகச் சுற்றினால் கண்டென்சர் வீக். பழையதில் போட்டிருக்கும் அதே எண்ணைச் சொல்லி வாங்கி மாட்டச் சொல்லுங்கள், சில்லறைச் செலவுதான். புது ஃபேன் அப்புறம் பார்க்கலாம்.

4. மழை நாளில் ட்ரிப்பர் விழுந்துகொண்டே இருந்தால், எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டுத் தூக்கிப் பாருங்கள். நின்றால், ஒவ்வொன்றாகச் சொருகுங்கள். எதைச் சொருகும்போது விழுகிறதோ அதுதான் குற்றவாளி. எல்லாம் பிடுங்கியும் விழுந்தால் ஒயரிங்கில் ஈரம், அதற்கு எலெக்ட்ரீஷியன் வந்துதான் ஆக வேண்டும்.

5. ஓர் அறையில் லைட் பளீரென்று எரிந்து, இன்னொன்றில் மங்கினால், யோசிக்காமல் மெயினை இறக்குங்கள்! நியூட்ரல் விட்டுப்போயிருக்கலாம், டிவி, ஃபிரிட்ஜ் எல்லாம் ஒரே நேரத்தில் புகைந்துவிடும். மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987-ஐ மீட்டர் பெட்டிக்குப் பக்கத்திலேயே எழுதி ஒட்டி வையுங்கள்.

6. கீசரில் படபடவென்று சத்தம், சுட நேரமாகிறது என்றால் உள்ளே உப்பு படிந்திருக்கிறது. சர்வீஸுக்கு வருபவரிடம் ஆனோடு ராடையும் பார்க்கச் சொல்லுங்கள். தொட்டி துருப்பிடிக்காமல் இருக்கத் தன்னைக் கரைத்துக்கொள்ளும் குச்சி அது, போர் தண்ணீரில் சீக்கிரமே கரைந்துவிடும். கம்பெனிக்காரர் தானாகச் சொல்வது அபூர்வம், நாம்தான் கேட்க வேண்டும்.

7. குழாய்த் தண்ணீர் நாறினால், சம்ப்புக்கு வருவதற்கு முந்தின குழாயில் ஒரு டம்ளர் பிடித்து மோந்து பாருங்கள். அங்கேயே சாக்கடை வாடை என்றால் தெருவில் லைன் உடைந்திருக்கிறது, அதைக் குடிக்கவும் சமைக்கவும் வேண்டாம், மெட்ரோ வாட்டருக்கு 1916-ல் புகார் கொடுங்கள். அங்கே சரியாக இருந்தால் கோளாறு நம் சம்ப்பிலோ மேல் தொட்டியிலோதான். வெந்நீரில் மட்டும் அழுகிய முட்டை வாடை வந்தால் கீசரைச் சந்தேகியுங்கள்.

8. போர் தண்ணீரால் பக்கெட்டிலும் டைல்ஸிலும் செங்காவிக் கறையா? பிளீச்சிங் பவுடர் போடவே போடாதீர்கள், இரும்புக் கறை இன்னும் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். பிழிந்த எலுமிச்சை மூடியில் எலுமிச்சை உப்பைத் தொட்டுத் தேய்த்து, கால் மணி ஊறவிட்டுக் கழுவினால் பளிச்.

9. ஃப்ளஷ் டேங்க் சத்தமில்லாமல் ஒழுகுவது கண்ணுக்குத் தெரியாது. டேங்கில் நாலு சொட்டு நீலம் விட்டு, கால் மணி யாரும் போகாமல் பாருங்கள். கீழே நீலம் இறங்கியிருந்தால் உள் ரப்பரை மாற்றுங்கள்.

10. மோட்டார் ஓடியும் தண்ணீர் ஏறவில்லை என்றால் காற்று பிடித்திருக்கும், மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றி ஓட்டுங்கள். தினமும் இதே கதை என்றால் ஃபுட் வால்வில் குப்பை. சுற்றாமல் 'ம்ம்ம்' என்று முனகினால் உடனே நிறுத்துங்கள், இல்லாவிட்டால் காயில் கருகி, நூறில் முடிய வேண்டியது ஆயிரங்களில் போய் நிற்கும்.

11. ஆர்.ஓ. மெஷின் வாங்கும் முன் தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்குங்கள், தெருவுக்கே ஒன்று போதும். வடசென்னைக்கு, 2010-ல் தொடங்கிய மீஞ்சூர் ஆலையில் உப்பு நீக்கிய கடல்நீரும் வந்திருக்கிறது, அதனால் அளந்து பார்க்காமல் முடிவு கட்டாதீர்கள். மீட்டர் 500-க்குக் கீழே காட்டினால் ஆர்.ஓ. தேவையில்லை, கொதிக்கவைத்தாலே போதும். மீட்டருக்குக் கிருமி தெரியாது என்பதால் கொதிக்கவைப்பதை மட்டும் விடக் கூடாது. போர் தண்ணீருக்கு ஆர்.ஓ. போட்டே ஆக வேண்டியவர்கள், கழிவுத் தண்ணீரைக் கக்கூஸ் கழுவப் பிடித்து வையுங்கள். செடிக்கு வேண்டாம், உப்பு.

12. மிக்ஜாம் புயலில் (டிசம்பர் 2023) சம்ப்புக்குள் வெள்ளம் புகுந்தது பலருக்கு நினைவிருக்கும். மூடியைத் தரைமட்டத்திலிருந்து அரை அடி உயர்த்திக் கட்டிவிட்டால், அடுத்த மழைக்குத் தொட்டியை மொத்தமாக இறைத்துக் கழுவும் வேலை பெரும்பாலும் மிச்சம்.

13. புழங்காத பாத்ரூமில் நாற்றமும் கரப்பானும் வந்தால், தரை ஜல்லடைக்குக் கீழே தேங்கி நிற்க வேண்டிய தண்ணீர் வற்றிப்போயிருக்கும். வாரம் ஒரு மக் தண்ணீர் ஊற்றுங்கள், ஆசிட் செலவு மிச்சம்.

14. மொட்டை மாடிக்கும் துணி துவைக்கும் இடத்துக்கும் பிளாஸ்டிக் குழாயே போதும், பளபள குரோமியம் எல்லாம் கடல் காற்றில் வெகுநாள் தாங்காது. கீசர் லைனுக்கு மட்டும் சி.பி.வி.சி. பைப்பா என்று பார்த்து வாங்குங்கள், சாதா பி.வி.சி. சூட்டில் நெளிந்துவிடும்.