கத்தரியை விடுவிக்கும் கத்தரி

வித்துக்கள் பருவமெய்திய பின்னரே முளைக்கும். நோய்க்கிருமிகளுள்ளும் அவ்வாறு முதிர்ந்தே தீங்கிழைக்க வல்லன சில உள. 1983-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் ஆராய்ச்சி நிலையத்தார் கண்டறிந்த எச்.ஐ.வி. என்னும் கிருமி அவற்றுள் ஒன்று. மனிதரது உயிரணுவினின்று அது வெளிப்படும்போது பிறிதோர் உயிரணுவைத் தொற்றும் ஆற்றல் அதற்கில்லை. அவ்வாற்றலை அது பெறுமாறும், அதனை அறியக் கணிப்பொறி துணைசெய்யுமாறும் ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

புதிதாய் வெளிப்பட்ட துகளின் உறைக்குள்ளே காக் என்னும் நீண்ட புரதச் சங்கிலிகள் ஈராயிரத்துக்கு மேற்பட்டன நெருங்கி நிற்கும். ஏறத்தாழ இருபதுக்கு ஒன்று வீதம் காக்-போல் என்னும் பெருஞ்சங்கிலியும் அவற்றோடு கலந்திருக்கும். புரோட்டியேஸ் என்னும் நொதி கத்தரிபோன்று காக் சங்கிலியை ஐந்திடங்களில் வெட்டும். ஐந்து வெட்டுக்களும் ஒத்த விரைவின அல்ல. விரைந்ததற்கும் தாமதமானதற்கும் உள்ள வேற்றுமை பல நூறு மடங்காம். விடுபட்ட துண்டுகளுள் ஒருவகை ஒன்றுகூடிக் கூம்பு வடிவான கூடாகும். அத்துண்டின் வாற்புறத்து வெட்டு இறுதியில் நிகழ்வது. அது நிகழாதாயின் கூம்பு அமையாது, தொற்றும் இல்லை.

இங்கே ஒரு வினா எழுகின்றது. கத்தரியும் பெருஞ்சங்கிலியின் நடுவிலேயே பிணிப்புண்டு கிடக்கின்றது. 99 அமினோ அமிலங்கள் கொண்ட இரு பாதிகள், இரு சங்கிலிகளினின்று வந்து இணைந்தாலன்றி அதற்கு வாய் இல்லை. அங்ஙனமாயின் முதற் கத்தரியை விடுவித்தது யாது?

நுண்ணோக்கி காணவியலாத இவ்வசைவைக் கணிப்பொறியில் அமைத்துக் காணலாம். ஒவ்வோர் அணுவின் நிலையையும் அதன்மேற் செல்லும் விசைகளையும் கணக்கிட்டு, அதனைச் சிறிது நகர்த்தி, மீளவும் கணக்கிடுதலே முறை. ஒரு நொடியை நூறுகோடி கூறாக்கி, அக்கூறொன்றைப் பின்னும் பத்துலட்சம் கூறாக்கினால் வருவதில் இரண்டு மூன்றே ஓர் அடியின் அளவு. இத்துணைப் பெருங்கணக்கிற்குத் தன்னார்வலர் பலர் தம் வீட்டுக் கணிப்பொறிகளின் ஓய்வு நேரத்தை உதவினர். 2012-ஆம் ஆண்டில் பார்சிலோனா அறிஞர் வெளியிட்ட முடிவு இது: இணைந்த இரு பாதிகளுள் ஒன்றன் தலைமுனை வளைந்து தன் வாய்க்குள்ளேயே புகும், ஆங்கு வெட்டுண்டு கத்தரி தன்னைத் தானே விடுவித்துக்கொள்ளும். மற்றொரு முறை, சங்கிலிகளின் தொகையையும் வெட்டுக்களின் விரைவையும் சமன்பாடுகளாக்கித் துகள் முழுவதன் முதிர்ச்சியைக் கணிப்பது.

இவ்வாராய்ச்சி வெறும் வியப்பிற்கன்று. ஐக்கிய அமெரிக்க நாட்டில் 1995-ஆம் ஆண்டு இசைவுபெற்ற சக்வினவிரும், அதன்பின் தோன்றிய அவ்வின மருந்துகளும் கத்தரியின் வாயை அடைப்பன. கிருமியோ மாறுதலுற்றுத் தன் வாயின் வடிவைத் திரிக்கின்றது. மேலும், விடுபடாத கத்தரியை அம்மருந்துகள் விடுபட்டதைப்போல் உறுதியாய்ப் பற்றுவதில்லை. ஆதலின் முதல் வெட்டின் இயல்பை அறிதல் புதிய மருந்து நாடுவார்க்கு வழிகாட்டியாம்.

எனினும், கணக்கு மெய்ப்பொருளின் நிழலேயன்றி மெய்ப்பொருளன்று. விசைகளை நாம் அளந்தவாறே விடையும் அமையும். கணிப்பொறி கூறியதைச் சோதனைச்சாலை ஒப்பிய பின்னரே அஃது அறிவாகும். இவ்விரண்டையும் இணைத்துப் பயிலுதல் விஞ்ஞான மாணவர்க்குரிய கடனென்க.