கேமராக்காரர் மறுபடி படிக்கப் போனார்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குப் பேருந்து போகிறது. வழியில் பாலராமபுரம் வரும். நெய்யாற்றின்கரை வரும். பிறகு பாறசாலை. பாறசாலையைத் தாண்டினால் களியக்காவிளை. பாறசாலை கேரளம். களியக்காவிளை தமிழ்நாடு.

எல்லை என்றால் மதில் ஒன்றும் கிடையாது. இந்தப் பக்கத்துப் பெண் அந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டிருப்பாள். அந்தப் பக்கத்து வாழைக்குலை இந்தப் பக்கத்துச் சந்தையில் விலை போகும். ஒரே வீட்டில் பாட்டி தமிழ் பேசுவாள். பேரன் மலையாளத்தில் பதில் சொல்வான்.

1956-ஆம் ஆண்டுக்கு முன்னால் இந்த எல்லையே இல்லை. எல்லாம் திருவிதாங்கூர். அந்த ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி மொழிவாரியாக மாநிலங்கள் பிரிந்தன. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அவைதான் கன்னியாகுமரி மாவட்டம். நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது.

இந்தக் கோடு ஒரு மனிதரின் முதுமையை எப்படிப் பாதித்தது என்பதும் இந்தப் பாடத்தில் வரும். அவர் பெயர் ஜே.சி. டேனியல். முழுப் பெயர் ஜோசப் செல்லையா டேனியல். 1900-ஆம் ஆண்டு பிறந்தவர். பிறந்த ஊர் நெய்யாற்றின்கரை என்று சில நூல்கள் சொல்கின்றன. அகஸ்தீஸ்வரம் என்று வேறு சில நூல்கள் சொல்கின்றன. அன்று இரண்டு ஊருக்கும் ஒரே அரசர்தான்.

டேனியலுக்கு இளமையிலேயே அடிமுறை, வாள்வீச்சு ஆகியவற்றில் ஆசை. அதைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு புத்தகமே எழுதினார். இந்தக் கலையை ஊர் உலகம் பார்க்க வேண்டும் என்று நினைத்தார். அதற்குச் சினிமாதான் வழி என்று தோன்றியது. ஆனால் சினிமா எடுக்கத் தெரிந்தவர் அப்போது திருவிதாங்கூரில் இல்லை.

கற்றுக்கொள்ளச் சென்னைக்குப் போனார். அங்கே படம் பிடிக்கும் இடத்துக்குள் அவரை விடவில்லை. பம்பாய்க்குப் போனார். “நான் திருவிதாங்கூர் பள்ளிக்கூட ஆசிரியர். சினிமாவைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டும். பார்த்துவிட்டுப் போகிறேன்” என்று சொல்லி உள்ளே நுழைந்தார். படிக்க வந்தவரை விரட்டினார்கள். சொல்லித் தருபவர் என்றதும் கதவைத் திறந்தார்கள். வேடிக்கைதான்.

அந்தக் காலத்துக் கேமராவுக்கு மின்சாரம் வேண்டாம். பக்கத்தில் ஒரு கைப்பிடி இருக்கும். அதைக் கையால் சுற்ற வேண்டும். ஒரு நொடிக்கு இரண்டு சுற்று. அப்போது 16 படங்கள் பதியும். கை தளர்ந்து மெதுவாகச் சுற்றினால், திரையில் மனிதர்கள் ஓட்டமாய் ஓடுவார்கள். வேகமாகச் சுற்றினால் ஊர்ந்து போவார்கள். கண் ஒரு பக்கம், கை ஒரு பக்கம், மனத்துக்குள் ஒரு தாளம். இது புத்தகத்தில் வராது. பக்கத்தில் நின்று பார்த்துப் பழக வேண்டிய வேலை.

டேனியல் ஊர் திரும்பினார். குடும்பத்து நிலத்தை விற்றார். திருவனந்தபுரத்தில் பட்டம் என்ற இடத்தில் 1926-ல் ஒரு ஸ்டூடியோ தொடங்கினார். அதன் பெயர் ‘திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ்’. கேரளத்தின் முதல் சினிமா ஸ்டூடியோ அதுதான். அங்கே ‘விகதகுமாரன்’ என்ற படத்தை எடுத்தார். காணாமல் போன பிள்ளை என்று பொருள். கதை எழுதியவர் அவர். கேமரா பிடித்தவர் அவர். இயக்கியவரும், கதாநாயகனாக நடித்தவரும் அவரே.

திருவிதாங்கூரில் ஒரு பணக்காரர் வீட்டுப் பிள்ளை. அவனைத் திருடி இலங்கைக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள். அங்கே தோட்டக் கூலியாக வளர்கிறான். பிறகு குடும்பத்தோடு சேர்கிறான். இதுதான் கதை. மற்றவர்கள் புராணக் கதைகளைப் படமாக்கிய காலம் அது. இவர் நாட்டு நடப்பை எடுத்தார்.

படத்துக்குப் பேச்சு கிடையாது. இடையிடையே எழுத்து அட்டைகள் மட்டும் வரும். அக்காலத்துக் கொட்டகைகளில் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று உரக்கக் கதை சொல்வது வழக்கம். பார்க்க வந்தவர்களில் பலருக்கு எழுத்துத் தெரியாது அல்லவா?

கதாநாயகியாக நடித்தவர் பி.கே. ரோஸி. தலித் பெண். கூலிவேலை செய்தவர். காக்காரிசி நாடகத்தில் நடித்தவர். தமிழும் மலையாளமும் கலந்து பாடி ஆடும் நாட்டு நாடகம் அது. படத்தில் அவருக்கு நாயர் வீட்டுப் பெண் வேடம். வினை அங்கே தொடங்கியது.

படம் வெளிவந்த ஆண்டு 1928 என்றும் 1930 என்றும் நூல்கள் இரண்டு விதமாகத் தருகின்றன. வெளியான இடம் திருவனந்தபுரம் கேப்பிட்டல் தியேட்டர். தலித் பெண் ஒருத்தி நாயர் பெண்ணாக நடிப்பதா என்று கூட்டத்தில் சிலர் கொதித்தார்கள். அவர் கூந்தலில் இருந்த பூவைக் கதாநாயகன் முத்தமிடும் காட்சி வந்தது. கல் பறந்தது. திரை கிழிந்தது. ரோஸியின் குடிசையையும் கொளுத்தினார்கள். அவர் லாரி ஏறி நாகர்கோவில் பக்கம் தப்பிப் போனார். பிறகு ராஜம்மாள் என்ற பெயரில் வாழ்ந்தார். சினிமாவில் நடித்ததை வெளியே பேசவில்லை.

டேனியலுக்குக் கடன் கழுத்தை நெரித்தது. 1931-ல் அடிமுறை பற்றி ஒரு செய்திப்படம் எடுத்துப் பார்த்தார். கையில் இருந்ததும் போனது. கருவிகளை விற்றார். ஸ்டூடியோவை மூடினார். வேலையும் இல்லை, நிலமும் இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அவர் கேமராவைக் கற்றார். ஆனால் படத்துக்குப் போட்ட பணம் எப்படித் திரும்பி வரும் என்று கணக்குப் போடவில்லை. விதை நெல் உட்பட எல்லாவற்றையும் ஒரே வயலில் கொட்டினார். அது அவர் தவறு. கல் எறிந்தது அவர் தவறு அல்ல.

அப்போது அவருக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. மனைவி ஜேனட், பிள்ளைகள் என்று குடும்பம் இருந்தது. அந்த வயதில் அவர் மறுபடி மாணவர் ஆனார். பல் மருத்துவம் படித்தார். நேற்று வரை “கேமராவைத் திருப்பு, விளக்கை நகர்த்து” என்று பிறருக்குச் சொன்னவர், இன்று பல்லைப் பிடுங்குவது எப்படி என்று பிறரிடம் கேட்டுக் கற்றார். முதலாளியாய் இருந்தவருக்கு மாணவனாய் உட்காருவது சுலபமா? ஆனால் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். பாளையங்கோட்டை, மதுரை, காரைக்குடி ஆகிய ஊர்களில் பல் மருத்துவராக வேலை பார்த்தார். கேமரா பிடித்த அதே கை குறடு பிடித்தது. குடும்பம் பிழைத்தது.

வயதான காலத்தில் அகஸ்தீஸ்வரத்தில் வந்து தங்கினார். நலிந்த கலைஞர்களுக்குக் கேரள அரசு உதவித்தொகை கொடுத்தது. அவருக்கும் கேட்டார்கள். கிடைக்கவில்லை. அவர் இருப்பது தமிழ்நாட்டில் என்று காரணம் சொன்னார்கள். அவர் எடுத்தது ஊமைப் படம், அதை எப்படி மலையாளப் படம் என்பது என்றும் ஒரு கேள்வி எழுந்தது. அவர் படம் எடுத்தபோது எல்லைக்கோடு இல்லை. அவர் கிழவரானபோது கோடு இருந்தது.

1975-ல் டேனியல் காலமானார். அவருக்காக விடாமல் எழுதியவர் சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் என்ற பத்திரிகையாளர். பிற்காலத்தில் கேரள அரசு டேனியலை மலையாள சினிமாவின் தந்தை என்று ஏற்றுக்கொண்டது. 1992-ல் அவர் பெயரில் ஒரு விருதைத் தொடங்கியது. மலையாள சினிமாவில் வாழ்நாள் எல்லாம் உழைத்தவருக்கு அரசு தரும் மிக உயர்ந்த விருது அது. 2013-ல் ‘செல்லுலாய்ட்’ என்ற படம் அவர் கதையைக் காட்டியது. ‘விகதகுமாரன்’ படச்சுருள் இன்று இல்லை. சில புகைப்படங்கள் மட்டும் மிச்சம்.

டேனியல் மட்டும்தானா தொழில் இழந்தார்? இதே சாலையில் உள்ள பாலராமபுரத்தில் தறிகளைப் பாருங்கள். விசைத்தறித் துணி விலை குறைவு. அதனால் கைத்தறிக்காரர் பலருக்கு வேலை குறைந்தது. புகைப்படத் தொழிலிலும் அப்படித்தான். முன்பு இருட்டறையில் மருந்துத் தண்ணீரில் பிலிம் கழுவுவதற்கு ஆள் வேண்டும். டிஜிட்டல் கேமரா வந்தது. பிலிம் போனது, இருட்டறையும் போனது. உலகத்துக்கே பிலிம் விற்ற கோடாக் கம்பெனி 2012-ல் திவால் மனு கொடுத்தது. பெரிய கம்பெனிக்கே அந்த நிலை என்றால், பிலிம் கழுவிய தொழிலாளிக்கு எப்படி இருந்திருக்கும்!

வேலை போனவர்கள் கேமரா கற்கவும் வழி இருக்கிறது. ஊரக சுய வேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்கள் என்று உண்டு. வங்கிகள் நடத்துபவை. 1982-ல் கர்நாடகத்தில் உஜிரே என்ற ஊரில் இதற்கு முன்மாதிரி தொடங்கியது. இப்போது நாட்டின் பெரும்பாலான மாவட்டங்களில் இருக்கிறது. கிராமத்து மக்களுக்குப் பயிற்சி இலவசம். புகைப்படமும் வீடியோவும் எடுக்கும் பயிற்சியும் அதில் உண்டு. எப்போது வகுப்பு, எந்த வயது வரை சேரலாம் என்பதை அங்கேயே கேட்டுக்கொள்ளலாம். தொழில் தொடங்கக் கடன் வேண்டும் என்றால், முத்ரா திட்டத்தில் சிறு கடன் கேட்கலாம். அதற்குச் சொத்து ஈடு வேண்டாம். ஆனால் முதல் நாளே விலை உயர்ந்த கேமராவில் பணத்தைப் போட வேண்டாம். டேனியலின் நிலம் நினைவிருக்கட்டும்.

கேமரா பிடிக்க எழுத்து எதற்கு என்று சிலர் கேட்பார்கள். கேமராவின் மேலே எண்கள் இருக்கும். அதைப் படித்தால்தான் எவ்வளவு வெளிச்சம் உள்ளே விட வேண்டும் என்று தெரியும். முன்பணம் வாங்கினால் ரசீது எழுத வேண்டும். கல்யாண ஆல்பத்தில் மணமகள் பெயரில் ஓர் எழுத்துப் பிழைத்தால் போதும். ஆல்பம் கடைக்கே திரும்பி வரும்.

பள்ளிப் படிப்பையும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கேரள மாநில எழுத்தறிவு இயக்கம் 4, 7, 10, 12-ஆம் வகுப்புகளுக்குச் சமமான தேர்வுகளை நடத்துகிறது. இத்தனை வயதுக்கு மேல் எழுதக் கூடாது என்ற வரம்பு இல்லை. ஆலப்புழை மாவட்டத்துக் கார்த்தியாயினி அம்மா 2018-ல் எழுத்தறிவுத் தேர்வு எழுதினார். அப்போது அவருக்கு வயது 96. நூற்றுக்கு 98 மதிப்பெண் வாங்கினார்.

நடிகர் இந்திரன்ஸ் கதை இன்னும் பக்கத்துக் கதை. அவர் திருவனந்தபுரத்துக்காரர். புத்தகத்துக்கும் உடுப்புக்கும் வழியில்லாமல் நான்காம் வகுப்போடு பள்ளியை விட்டார். தையல் வேலைக்குப் போனார். சினிமாவுக்கு உடை தைத்தார். நடிகர் ஆனார். 2017-ஆம் ஆண்டுக்கான கேரள அரசின் சிறந்த நடிகர் விருது பெற்றார். எல்லாம் வந்த பிறகும் படிப்பு இல்லையே என்ற குறை அவருக்கு இருந்தது. 2023-ல் பத்தாம் வகுப்புச் சமநிலைப் படிப்பில் சேரப் போனார். ஏழாம் வகுப்பு தேறினால்தான் பத்தாம் வகுப்பு எழுதலாம் என்பது விதி. விருது வாங்கிய நடிகர் ஆயிற்றே என்று யாரும் விதியைத் தளர்த்தவில்லை. அவரும் கேட்கவில்லை. 2024-ல் ஏழாம் வகுப்புத் தேர்வு எழுதினார். அப்போது வயது 68. தேறினார்.

செய்து பாருங்கள்:

உங்கள் ஊரில் ஒரு தொழில் போய் வேறு தொழில் கற்றவர் யார்? அவரிடம் போய்ப் பேசுங்கள். யாரிடம் கற்றார், எத்தனை நாள் ஆனது, அதுவரை வீட்டுச் செலவுக்கு என்ன செய்தார் என்று கேளுங்கள். அவர் சொன்னதை ஐந்து வரியில் எழுதுங்கள்.

ரோஸிக்கு நடந்ததை வகுப்பில் உரக்கப் படியுங்கள். அந்தக் கொட்டகையில் நீங்கள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள்.