கோமாளிக் கிளாத்தி

வண்ணமீன் கடைகளில் அரிதாகவே கண்ணில் படும் மீன் ஒன்று உண்டு. கருமையான உடல், வயிற்றில் பெரிய வெள்ளைப் புள்ளிகள், சாயம் பூசியது போன்ற மஞ்சள் வாய். கோமாளியின் ஒப்பனையை நினைவூட்டுவதால் இதை ஆங்கிலத்தில் ‘கிளவுன் டிரிகர்’ என்பர். இவ்வகை மீன்களைத் தமிழக மீனவர்கள் ‘கிளாத்தி’ என்று அழைக்கின்றனர்.

‘டிரிகர்’ என்றால் துப்பாக்கியின் விசை. இம்மீனின் முதுகில் உறுதியான முள் ஒன்று உள்ளது. ஆபத்து நெருங்கினால், இது பவளப்பாறை இடுக்கில் புகுந்து அம்முள்ளை நிமிர்த்திக்கொள்ளும். பின்னால் இருக்கும் சிறிய முள் அதனைப் பூட்டிவிடும். பிறகு, பகைமீன்களால் இதை எளிதில் வெளியே இழுக்க முடியாது. சிறிய முள் விசைபோல் தளர்ந்தால்தான் பெரிய முள் மடங்கும்.

இம்மீனை வீட்டில் வளர்க்க விரும்புவோர் முதலில் கடல்நீரை உருவாக்க வேண்டும். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உள்ளது. இதற்குச் சமையல் உப்பு உதவாது; கடல்மீன் தொட்டிகளுக்கென விற்கப்படும் உப்புக் கலவையே தேவை. நீர் ஆவியாகும்போது உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். ஆகவே, குறைந்த நீரை ஈடுசெய்ய நன்னீரையே ஊற்ற வேண்டும். மீனின் கழிவிலிருந்து தோன்றும் அம்மோனியா நஞ்சாகும். அதைத் தீங்கு குறைந்த பொருளாக மாற்றும் நுண்ணுயிர்கள் வடிகட்டியில் பெருகச் சில வாரங்கள் ஆகும். அதுவரை பொறுத்திருக்க வேண்டும். மலேசியா, சிங்கப்பூர் போன்ற வெப்ப நாடுகளில் நீரைக் குளிர்விக்கும் கருவியும் தேவைப்படலாம்.

இவற்றைவிடப் பெரிய சவால், மீனின் வளர்ச்சியும் குணமுமே. கடையில் விரல் நீளமே உள்ள குஞ்சு, 50 சென்டிமீட்டர் வரை வளரக்கூடும். கடலில் தனித்து வாழும் இது, நண்டு, சிப்பி ஆகியவற்றின் ஓடுகளைப் பல்லால் உடைத்துத் தின்னும். அதே பற்கள் தொட்டியிலுள்ள இறாலையும் சிறு மீன்களையும் விட்டுவைப்பதில்லை. தொட்டியைச் சுத்தம் செய்ய நுழையும் கையையும் கடிக்கக்கூடும். குஞ்சாக இருக்கும்போது சாதுவாகத் தெரியும் மீன், வளர வளர முரடாக மாறுகிறது.

இடம் போதாதபோது, மீனைக் கடலில் விட்டுவிடலாம் எனச் சிலர் எண்ணலாம். அது தவறு. தொட்டியில் தொற்றிய நோய் கடல்வாழ் உயிரினங்களுக்குப் பரவ வாய்ப்புண்டு. ஆதலால், வாங்குவதற்கு முன்பே ஒரு கேள்விக்கு விடை காண வேண்டும்: இன்று உள்ளங்கையில் அடங்கும் இம்மீனுக்குப் பத்து ஆண்டுகள் கழித்தும் வீட்டில் இடம் இருக்குமா? ‘இல்லை’ என்பது விடையானால், அதை வாங்காமல் இருப்பதே அதன்மீது காட்டும் அன்பு.