டெங்குக் கொசு: வரத்தை அடைப்பதே வழி

ஊற்று உள்ளவரை எவ்வளவு இறைத்தாலும் கிணற்றில் நீர் மீண்டும் ஏறும். இவ்வாறு இருப்பு, வரத்து, வெளியேற்றம், இடைப்பட்ட காலம் ஆகியவற்றைக் கணக்கிடும் ‘அமைப்பு இயக்கவியல்’ முறையை 1950களில் அமெரிக்கப் பேராசிரியர் ஜே பாரஸ்டர் உருவாக்கினார். இன்று நோய்த்தடுப்புக்கும் இது பயன்படுகிறது.

டெங்குவைப் பரப்பும் கொசுவை எடுத்துக்கொள்வோம். பறக்கும் கொசுக்கள் இருப்பு. தொட்டி, குடம், பழைய டயர், கொட்டாங்கச்சி ஆகியவற்றில் தேங்கிய நீரில் வளரும் புழுக்கள் வரத்து. புகைமருந்து பறக்கும் கொசுக்களையே கொல்லும். புழுக்கள் சில நாட்களில் கொசுக்களாகி இருப்பை நிரப்பிவிடும்.

முட்டை கொசுவாக மாற சுமார் 7 முதல் 10 நாட்கள் ஆகும். எனவே உழவர் பெருமக்கள் மாட்டுத் தொட்டியையும் நீர்ப் பாத்திரங்களையும் வாரம் ஒருமுறை காலிசெய்து, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஒட்டியுள்ள முட்டைகள் உலர்ந்தாலும் பல மாதம் உயிரோடிருக்கும். ஒரு வீடு தவறினாலும் வரத்து நிற்காது. தெருவே சேர்ந்து செய்தால்தான் குழந்தைகளைக் காக்கலாம்.